பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

கள்ளக்குறிச்சியில் எங்கள் சர்ச்சில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பெண்களுக்கு உபவாச ஜெபம். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். வேண்டுதல் உள்ளவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதி, வாசலில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள். பாதி ஜெபத்தில் டின்னைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக மைக்கில் வாசிப்போம். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் “கேட்டருளும் கர்த்தாவே” என்பார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சீட்டுகளை வாசித்தவள் நான். ஸ்கூல் டீச்சர், கணீர்க் குரல், எந்தக் கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவாள் என்று என் தலையில் கட்டியிருந்தார்கள்.

சீட்டில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி. யாருடைய கஷ்டமும் ஊர் வாய்க்கு அவலாகக் கூடாது என்று எப்போதோ இருந்த ஒரு ஐயர் வைத்தது. எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். விதியை எல்லோரும் மதிக்கிறோம். ஆனால் பெயர் இல்லாவிட்டால் ஆண்டவர் ஆளை மாற்றிவிடுவாரோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். அதனால் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். ரைஸ் மில் பின்பக்கத் தெருவில், மாடி வீட்டில், இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன சகோதரி. கட்டிவந்த ஆறே மாதத்தில் பெண்டாட்டியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்ட, லாரி வைத்திருக்கும் சகோதரன். நான் வாசிக்க வாசிக்க எண்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். சம்பந்தப்பட்டவர் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரித்தவள்தான் நானும்.

அந்தச் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. எந்தச் சீட்டையும் முதலில் கண்ணால் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். மைக் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. அடுத்த சீட்டை எடுத்தேன், வாசித்தேன். “பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற, கிறிஸ்துமஸுக்குக் கீபோர்டு வாசிக்கிற, தகப்பன் இல்லாத முப்பத்திரண்டு வயது மகன், பெண்ணை வேண்டாம் என்று சொல்லி ஆணை விரும்புகிறான். கர்த்தர் அவனைத் தொட்டு மாற்றும்படியாக.” வாய் கடைசி வார்த்தைக்கு வந்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. சாய்வான, ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கையெழுத்து. என் அம்மாவுடையது. மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எண்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. யாரும் வாயைத் திறக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானே மைக்கில் “கேட்டருளும் கர்த்தாவே” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். அது யாருக்கோ வந்த மஞ்சள் காமாலை.

தம்பி என்னிடம் இதைச் சொல்லி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் லீவில், கீபோர்டை என் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னான். “எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லக்கா. பசங்க மேலதான். ஜெபம் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டேன்,” என்றான். எட்டாம் வகுப்பிலிருந்து தன்னை மாற்றச் சொல்லி ஜெபித்தானாம். பல வருஷம் கழித்து ஒருநாள், இதைக் கேட்பதை நிறுத்து, நான் உன்னை இப்படியேதான் கூப்பிட்டேன் என்று ஆண்டவர் சொல்வதுபோல் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக நற்கருணை வாங்க முடிகிறது என்றான். அப்பத்தையும் ரசத்தையும் அவன் வாங்குவதை நீங்கள் பார்க்க வேண்டும். பாதிப் பேர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் அவன் மட்டும் இரண்டு கையையும் ஏந்தி முட்டிபோட்டிருப்பான். அன்றைக்கு அவன் சொல்லி முடித்ததும், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால். ஒரு வரனுக்கு மேல் ஒரு வரனாகச் சொல்லி நச்சரித்திருக்கிறாள். பொறுக்க முடியாமல் போனில் சொல்லிவிட்டான். அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. நானும் நாலு வருஷமாக அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் தெரிந்ததைச் சபைக்கு நான் மைக் வைத்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “நீ இன்னாத்துக்கு அவ்ளோ சத்தமா படிச்ச?”

எனக்கு வந்த கோபத்துக்குக் கைப்பையைத் தூக்கி மேஜையில் அடித்தேன். ஆண்டவருக்கு எழுதுவதை எதற்கு டின்னில் போட்டாய், வீட்டில் முட்டிபோட்டுக் கேட்கக் கூடாதா என்று கத்தினேன். நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும் என்றாள். கீபோர்டு வாசிக்கிறவன் என்று எதற்கு எழுதினாய் என்றேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் லட்சம் பேர் இருப்பார்களே என்றாள். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் பாதி கல்வராயன் மலையில். ஊர் ஊராக நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவள். இந்த ஒரு சீட்டில் மட்டும் குழந்தைபோல் நடந்துகொண்டாள். நான் இன்னும் கத்தியிருப்பேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“உங்கப்பா அங்க பரலோகத்துல காத்துக்கினு இருக்காரு. நான் போனா, சின்னவன் எங்கன்னு கேப்பாரு. அவன் வரமாட்டான்னு நான் எப்படிடி சொல்லுவேன்?”

அவளை வெறும் பிடிவாதக்காரி என்று நினைத்துவிட்டால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவள் உண்மையிலேயே பயந்துபோயிருந்தாள். ஓடும் பஸ்ஸிலிருந்து பிள்ளை விழப்போவதைப் பார்க்கிறவளுக்கு இருக்கும் பயம் அது.

நடந்ததைத் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “கீபோர்டுன்னும் எழுதிடுச்சா?” என்று முதலில் சிரித்தான். பிறகு அம்மா சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வராதவர்கள் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கூவாகம் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோருக்கும் நினைப்பு. புடவை கட்டுகிறானா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். குரல் மாறிவிட்டதா என்றார்கள். தாடி வைத்திருக்கிறான் என்றேன். அப்படியென்றால் என்னதான் பிரச்சினை என்று குழம்பி, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டில் கரும்பு வெட்டப் போகும் அம்மா ஒருவர் இருக்கிறார், அம்மன் பக்தை. திருநாவலூர்ப் பக்கம் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுவார், மூன்றே வாரத்தில் சரியாகும் என்றார். சாமி வேறாக இருந்தாலும் இந்த ஒன்றில் தெரு முழுக்க ஒரே கட்சியாக இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எதிலும் தலையிடாமல் இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் அறையில் கமிட்டி கூடியது. குடும்பத்தார் என்று என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பேசியது முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். இன்னொருவர் உபவாச ஜெபத்தை நடத்துகிற, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். ஹெச்.எம். அம்மா என்போம். என் தம்பிக்கு ஆறு வயதில் ஆர்மோனியக் கட்டையில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

போஸ்ட்மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. “நம்ம தாத்தனுங்கள எந்த வாசப்படியும் ஏற வுடல. அதனாலதான் இங்க வந்தோம். வந்த எடத்துல நாமளே ஒருத்தன வாசல்ல நிறுத்திட்டு உள்ள பாட்டுப் பாடுவமா?” என்றார். பெண்டாட்டியை அடிக்கிறவன் அப்பம் வாங்குகிறான், பத்திரத்தைத் திருத்தி எழுதினவன் வாங்குகிறான், அவர்களையெல்லாம் இந்தக் கமிட்டி எப்போதாவது கூப்பிட்டு விசாரித்ததா என்று கேட்டார்.

ஹெச்.எம். அம்மா குரலை உயர்த்தவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “ஜாதி மனுஷன் செஞ்சதுங்க. இது வேதத்துல எழுதியிருக்கு. அத நான் எத வெச்சி அழிக்கறது, சொல்லுங்க. அந்தப் புள்ள என் மடியில வளந்தது. எனக்கு மட்டும் வலிக்காதா?” என்றார்.

ஐயர் வயதில் சின்னவர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். பையன் சர்ச்சுக்கு வரட்டும், உட்காரட்டும், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார். நற்கருணை மட்டும் மனந்திரும்பும் வரை வேண்டாம், கீபோர்டும் வேண்டாம் என்று முடித்தார். இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி கொடுத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. வெளியே வரும்போது போஸ்ட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவனுக்கு ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இதையெல்லாம் வெளியில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி வைக்கச் சொன்னார்.

நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறித்தான் போயிருப்பேன். அந்த வசனங்களை நானும் வாசித்திருக்கிறேன், அவற்றுக்கு என்ன அர்த்தம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் சபையில் கடவுளை நிஜமாக நம்புகிற பத்துப் பேரை எண்ணினால் என் தம்பி அதில் ஒருவன். இதை அந்த அறையில் சொல்லியிருக்கலாம். அம்மா என் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா பகலில் சாப்பிடுவதை விட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிடி கஞ்சி. கச்சிராயபாளையம் தாண்டி மலைமேல் ஒரு ஜெபவீடு இருக்கிறது, மூன்று நாள் தங்கி விடுதலை ஜெபம் செய்வார்கள், அங்கே மகன் வரும்வரை உபவாசம் என்றாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டை விட்டவள் மாத்திரையை விடவில்லை. மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அவள். அவளுக்கா தெரியாது? எடை குறைந்து ஜாக்கெட் தோளில் தொங்கியது. ஒருநாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டேன்.

“அங்க போனா இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா,” என்றான்.

“மூணு நாள்டா. அம்மாவுக்காக. கண்ண மூடிக்கினு உக்காந்துட்டு வந்துடு.”

“நீ சொல்றியா? போன்னு நீ சொல்றியா?”

சொல்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

காலாண்டு லீவு விட்டிருந்தது. தம்பி வந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினோம். கோமுகி அணை தாண்டி மலை ஏறும் வரை அம்மாவுக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்து, அவள் தலை இடிக்காமல் இருக்கக் கம்பியில் தன் கையை வைத்துக்கொண்டே வந்தான். மேலே இறங்கியதும் சாமை மூட்டையோடு நின்ற மலைக்காரப் பெண் ஒருத்தி அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். நர்ஸம்மா என்று கையைப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற தடித்த வாலிபனைக் காட்டி, நீங்கள் எடுத்த பிள்ளைதான் என்றாள். அவனுக்கு இரண்டு குழந்தைகளாம். உங்கள் மகனுக்கு எத்தனை என்று கேட்டாள். அம்மா கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

ஜெபவீடு என்பது தகரக் கூரை போட்ட நீளமான கூடம். குடிகாரப் புருஷனைக் கூட்டிவந்தவர்கள், வலிப்பு வருகிற பெண், குழந்தை இல்லாத தம்பதி என்று முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர், மெதுவாக, அன்பாகப் பேசினார். அவர் முரடராக இருந்திருந்தால் என்னால் சண்டை போட்டிருக்க முடியும். தம்பியை முன்னால் முட்டிபோட வைத்தார்கள். மூன்று பேர் அவன் தலையில் கை வைத்து அழுத்தினார்கள். உள்ளே இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே போகச் சொன்னார்கள். வாந்தி எடு, போய்விடும் என்றார்கள். அவனுக்கு வாந்தி வரவில்லை. ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் நாள் முழுக்க அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது, அவனும் ஜெபித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அசையவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மலையில் அம்மா அந்த ஆறு மணிக் கஞ்சியையும் நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும், அப்படியே என் மேல் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து, கை வெடவெடவென்று நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது. நான் கைப்பையில் வைத்திருந்த குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அவன சொல்லச் சொல்லு. அப்பறம் குடிக்கறேன்.”

கூடத்தில் பாட்டு நின்றது. தம்பி எழுந்து வந்தான், முட்டியில் பாய்த் தடம் பதிந்திருந்தது. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“போயிடுச்சும்மா. இப்ப எனக்கு அது இல்ல. குடி,” என்றான்.

“ஆண்டவர் சாட்சியா சொல்றியா?”

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. நான் தலையாட்டினேன்.

“ஆண்டவர் சாட்சியா,” என்றான்.

அவள் குடித்தாள். முழு டம்ளரையும் குடித்துவிட்டு அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டி அல்லேலூயா பாடினார்கள். வலிப்பு வருகிற அந்தப் பெண் ஓடிவந்து தம்பியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய், மகனுக்கு விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொன்னாள். யார் எவர் என்று இப்போது மறைக்கவே இல்லை. ஹெச்.எம். அம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். ஐயர், கீபோர்டில் உட்காரச் சொல்லித் தம்பிக்குச் சைகை காட்டினார். அவன் வாசித்தான், நன்றாகவே வாசித்தான். பிறகு பீடத்தின் கம்பியருகே முட்டிபோட எல்லோரும் வரிசையாகப் போனோம். நான், அவன், அம்மா. ஐயர் எனக்கு அப்பம் கொடுத்துவிட்டு அவன் முன்னால் வந்தார். அவன் இரண்டு கையையும் ஏந்தி வைத்திருந்தான். அப்பம் கிட்டே வந்ததும் கையை மூடி மார்போடு வைத்துக்கொண்டான். ஐயர் ஒரு கணம் நின்றார், பிறகு அம்மாவிடம் போனார். தன்னைத் தகுதியில்லாதவன் என்று தாழ்த்திக்கொண்டான், இதுவல்லவா மனந்திரும்புதல் என்று ஆராதனை முடிந்ததும் நாலு பேர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில், ஏண்டா என்று கேட்டேன்.

“அவர சாட்சியா வெச்சிப் பொய் சொல்லிட்டு அவர் கையாலயே எப்படிக்கா வாங்கறது?” என்றான்.

அவன் அதைச் சொன்னபோது எனக்கு எங்கள் சபை மேல், மலை மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன வரைக்கும் இவனுக்கு அப்பம் கிடையாது என்றார்கள். பொய் சொன்ன மறுநாளே கூப்பிட்டு நீட்டினார்கள்.

மத்தியானம் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் மாற வேண்டும் என்று நீயும் நினைக்கிறாயா என்று கேட்டான். சத்தியமாக இல்லை என்றேன்.

“அப்ப எதுக்குக்கா என்னப் போகச் சொன்ன?”

அம்மா சாப்பிட வேண்டுமே என்றேன். ஆமாம், நானும் அதற்குத்தான் சொன்னேன் என்றான். குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. பஸ் புறப்படும்போது பின்பக்கம் திரும்பி, வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போ என்று கை காட்டினான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. ஆபீசில் லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னான். பெங்களூரிலும் சர்ச்சுக்குப் போவதை விட்டுவிட்டான் என்று எனக்கு மட்டும் தெரியும். கீபோர்டை யாருக்கோ கொடுத்துவிட்டானாம். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, சாப்டியாம்மா என்று கேட்பான். அம்மா வேளை தவறாமல் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள். டாக்டரே ஆச்சரியப்படும்படி சர்க்கரை கட்டுக்குள் வந்தது. உபவாச ஜெபத்தில் சீட்டு வாசிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன், நம்பினார்கள்.

பொங்கல் கழிந்ததும் அம்மா பெண் பார்க்கத் தொடங்கினாள். எனக்குத் தெரியாமல் இல்லை. தம்பியிடம் கேட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். மணலூர்பேட்டையில் ஒரு குடும்பம், பெண் நர்சிங் படித்தவள். அம்மா அதிலேயே பாதி மயங்கிவிட்டாள். போட்டோ கைமாறிவிட்டது. போன வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பெண்ணின் அம்மா தனியாக என் ஸ்கூலுக்கு வந்தார். எங்களுக்கு விசாரிக்க வேறு யாரும் இல்லை, கூடப் பிறந்தவர் நீங்களே சொல்லுங்கள் என்று வேப்பமரத்தடியில் நின்று கேட்டார்.

அந்த அம்மாவின் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, இந்த இடம் உங்களுக்கு வேண்டாம் என்றேன். குடியா என்றார். இல்லை. வியாதியா என்றார். இல்லை. “தங்கமான பையன்மா. ஆனா அவனக் கட்டிக்கிற பொண்ணால சந்தோஷமா இருக்க முடியாது. அவனாலயும் முடியாது,” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, அம்மாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பினார்.

அவருக்கும் பொய் சொல்ல வரவில்லை. மறுநாள் நான் வீட்டில் இருக்கும்போதே அம்மாவுக்குப் போன் வந்தது. மத்தியானம் பன்னிரண்டரை. அம்மா அப்போதுதான் சோற்றை வடித்து, தட்டை எடுத்து வைத்திருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு ம், ம் என்றாள். பிறகு அதுவும் சொல்லவில்லை. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீயாடி சொன்ன?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அவனுக்கு அது போகலயா?”

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அம்மா தட்டை மறுபடி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். சோற்றுப் பானையை மூடினாள். அறைக்குள் போய், கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முட்டிபோட்டாள். இரண்டு மணிக்குத் தம்பியின் போன் வந்தது. அங்கிருந்தபடியே எடுத்து, சாப்ட்டேம்பா, நீ சாப்டியா என்றாள்.

இன்றோடு நாலு நாள். ஆறு மணிக் கஞ்சியும் இறங்கவில்லை, தண்ணீர்தான். மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டேன். டாக்டரைக் கூட்டிவந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஐயர் வந்தார், ஹெச்.எம். அம்மா வந்தார், சாப்பிடச் சொல்லிக் கெஞ்சிவிட்டுப் போனார்கள். தம்பியிடம் வாயே திறக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவனை வேலை செய்ய விடு, இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது என்கிறாள். அவன் நம்பரை எடுக்கிறேன், மறுபடி போனை வைத்துவிடுகிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வான்.